அட்டை இருந்தும் காப்பு இல்லாமை: ஊத்துக்குளி வட்டாரப் பனியன் தொழிலாளர் குடும்பங்களின் ஆயுள், மருத்துவக் காப்பீடு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டாரத்தில் வாழும் பனியன் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பொருந்தும் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வைப்பு நிதியுடன் இணைந்த காப்பீடு, வங்கி வழி ஆயுள் காப்பீடு ஆகிய நான்கும் வெவ்வேறு தகுதி அளவுகோல்களைக் கொண்டவை. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, சிறு கூடங்களில் வேலை செய்பவரும் அடிக்கடி கூடம் மாறுபவரும் எந்த வரம்புக்குள்ளும் அடங்காமல் போகும் இடைவெளி புலப்படுகிறது. ஆகவே ‘காப்பீடு உள்ள குடும்பம்’ என்ற எண்ணிக்கைக்கு மாற்றாகக் ‘காப்பு மாதங்கள்’ என்ற அளவீட்டைக் கள ஆய்வுகளில் கையாளலாம் என இக்கட்டுரை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: ஊத்துக்குளி, பனியன் தொழில், பவர்டேபிள், ஈ.எஸ்.ஐ., மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, காப்பு மாதம்.

1. முன்னுரை

ஈரோடு – கோயம்புத்தூர் இருப்புப்பாதையில், திருப்பூருக்கு வடகிழக்கே அமைந்த ஊர் ஊத்துக்குளி. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்ற இவ்வூர், 2009ஆம் ஆண்டு உருவான திருப்பூர் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைமையிடமாக இன்று உள்ளது. கறவை மாடும் மானாவாரி நிலமும் தாங்கிய குடும்பப் பொருளாதாரத்தில் பனியன் கூலி சேர்ந்ததும், பின்னர் பல வீடுகளில் அதுவே முதன்மை வருவாயானதும் இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறு. காலையில் கம்பெனி வேன்களிலும் தொடர்வண்டியிலும் இருசக்கர வாகனங்களிலும் திருப்பூர் நோக்கிச் செல்வோர் ஒரு பகுதியினர். உள்ளூரிலேயே பவர்டேபிள் கூடங்களிலும் ஜாப் ஒர்க் கூடங்களிலும் தைப்பவர், செக்கிங் பார்ப்பவர், அயர்ன் செய்பவர் மற்றொரு பகுதியினர்.

இவர்களிடம் ‘உங்களுக்குக் காப்பீடு உண்டா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘உண்டு’ என்ற விடையே கிடைக்கும். வீட்டில் ஏதேனும் ஓர் அட்டை இருக்கும். பழைய கம்பெனியில் பெற்ற ஈ.எஸ்.ஐ. எண் இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கொரு முறை சிறு தொகை கழிந்த நினைவிருக்கும். ஆனால் நோயோ விபத்தோ நேரும் நாளில் இவற்றுள் எது செல்லும், எது செல்லாது என்பது வேறு வினா. அட்டை வைத்திருத்தலும் காப்பு பெற்றிருத்தலும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. கட்டுரையில் வரும் கூலிக் கணக்குகள் விதிகளை விளக்குவதற்காக அமைத்துக்கொண்டவை. நாட்கூலி ரூ.500 என்பதும் மாதத்திற்கு 26 வேலைநாள் என்பதும் கணக்கின் எளிமைக்காகக் கொண்ட எடுகோள்களே அன்றிக் களத்தில் எடுத்த சராசரிகள் அல்ல.

2. பிடித்தல், போடுதல், எடுத்தல்

தமிழகத்தில் ‘காப்பீடு’ என்றும் இலங்கையில் ‘காப்புறுதி’ என்றும் வழங்கும் பொருளுக்கு, தமிழக அரசு மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளில் ‘ஈட்டுறுதி’ என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. எனினும் தொழிலாளர் பேச்சில் இப்பெயர்ச்சொற்கள் அரிதாகவே வருகின்றன. அங்கு வினைச்சொற்களே பொருளைச் சுமக்கின்றன. ஈ.எஸ்.ஐ. என்பது ‘பிடிப்பது’; எல்.ஐ.சி. என்பது ‘போடுவது’, முதலமைச்சர் காப்பீடு என்பது ‘அட்டை எடுப்பது’.

இவ்வினைகள் மூன்று வகை உறவுகளைச் சுட்டுகின்றன. ‘பிடித்தல்’ என்பது கூலியிலிருந்து கழிக்கப்படும் தொகையை முன்னிறுத்துகிறது. அதற்கீடாகக் கிடைக்கும் உரிமை சொல்லில் இடம்பெறுவதில்லை. ‘ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி’ என்னும் தொடரில் கூலி குறைகிறது என்ற பொருளும் கலந்தே நிற்கிறது. ‘போடுதல்’ என்பது சேமிப்பைக் குறிக்கும் வினை. பணம் போட்டால் திரும்பி வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் உள்ளது. எனவே முதிர்வுத் தொகை தராத தூய இடர்க் காப்பீடு பலருக்கு வீண் செலவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ‘எடுத்தல்’ என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயல். அட்டையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தை அது தருகிறது. தகுதி தொடர்கிறதா என்று மீண்டும் பார்க்கும் தேவையை அது உணர்த்துவதில்லை.

கள ஆய்வு வினாநிரலில் ‘காப்பீடு உள்ளதா?’ என்று பொதுவாகக் கேட்பதற்கும், ‘இப்போது ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? கடைசியாக எந்த மாதம் பிடித்தார்கள்?’ என்று கேட்பதற்கும் கிடைக்கும் விடைகள் வேறுபடக்கூடும். இரண்டாம் வினாவே நம் நோக்கத்திற்கு ஏற்றது.

3. பத்தும் இருபதும்: சட்டம் வகுக்கும் எல்லைகள்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்த ஊர் கோயம்புத்தூர், ஆண்டு 1955. கொங்கு வட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளரே தமிழகத்தில் இத்திட்டத்தின் முதல் பயனாளிகளுள் அடங்குவர். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயில் வழியாக நுழையும் ஆலையை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட திட்டம் இது. பனியன் தொழிலின் அமைப்போ வேறு. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கூடங்களுக்குப் பிரிந்து செல்வது இத்தொழிலின் இயல்பு. ஒரே ஆடையைத் தொடும் கைகள் பல முதலாளிகளின் பதிவேடுகளில் சிதறியுள்ளன. சில கைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சட்டம் எண்ணிக்கையை எல்லையாகக் கொள்கிறது. அவ்வெல்லைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அட்டவணை 1: கூடத்தின் அளவும் கட்டாயக் காப்பும்

| பணியாளர் எண்ணிக்கை | மருத்துவம், நோய்க்காலக் கூலி (ஈ.எஸ்.ஐ.) | பணிக்காலத்தில் இறந்தால் ஆயுள் காப்பு (வைப்பு நிதி வழி) |
|---|---|---|
| 9 வரை | கட்டாயம் இல்லை | கட்டாயம் இல்லை |
| 10 முதல் 19 வரை | உண்டு | கட்டாயம் இல்லை |
| 20க்கு மேல் (20 உட்பட) | உண்டு | உண்டு |

ஒரே இயந்திரத்தில் ஒரே கூலிக்கு ஒரே வகைத் தையல் தைக்கும் மூவர், கூடத்தின் அளவு காரணமாக மூன்று வேறு நிலைகளில் நிற்பதை இவ்வட்டவணை காட்டுகிறது. ஒன்பது பேர் கூடத்தில் இருப்பவருக்கு வேலையிட விபத்து நேர்ந்தால், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில் முதலாளியிடம் இழப்பீடு கோரலாம். ஆனால் அது விபத்துக்கு மட்டுமே உரியது. காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ மகப்பேற்றுக்கோ அதில் இடமில்லை.

இவ்விடத்தில் இரு விளக்கங்கள் தேவை. முதலாவது, துண்டுக் கணக்கில் கூலி பெறுவோர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்ற கருத்து இத்தொழிலில் பரவலாக உள்ளது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் (1973) கடைக்கு வந்து துண்டுக் கணக்கில் தைப்போரும் பணியாளரே என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அது கடைகள், நிறுவனங்கள் சட்டம் சார்ந்த வழக்கு எனினும், கூலி கணக்கிடும் முறை பணியுறவைத் தீர்மானிப்பதில்லை என்ற அதன் அடிப்படை இங்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்கு வருவோர் நிலை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(9)ஆம் பிரிவு, முதன்மை வேலையளிப்பவரின் வளாகத்தில், அல்லது அவரது மேற்பார்வையில், அவரது தொழிலின் இயல்பான பகுதியாகிய வேலையை ஒப்பந்ததாரர் வழியாகச் செய்வோரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் கொணர்கிறது. அவர்களுக்கான பங்களிப்பை முதலில் செலுத்தும் பொறுப்பு 40ஆம் பிரிவின்படி முதன்மை வேலையளிப்பவருடையது. பின்னர் அவர் அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ராயல் டாக்கீஸ் வழக்கில் (1978) திரையரங்கின் சிற்றுண்டிச்சாலையிலும் மிதிவண்டி நிறுத்துமிடத்திலும் ஒப்பந்ததாரர் அமர்த்திய பணியாளர்களுக்கும் திரையரங்கமே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி வளாகத்திற்குள் பவர்டேபிள் ஒப்பந்ததாரர் அமர்த்தும் தையல்காரருக்கு இத்தீர்ப்பு மிக நெருக்கமானது. வேலை வெளிக் கூடத்திற்குச் சென்றுவிடும்போதுதான் மேற்பார்வை யாருடையது என்ற வினா எழுகிறது. ஊத்துக்குளி போன்ற புறநகர் ஊர்களில் உள்ள கூடங்களில் பல இத்தகையவை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னைய சட்டங்கள் இதனுள் அடங்கினாலும், முரண்படாத அளவில் பழைய விதிகளும் திட்டங்களும் தொடர்வதற்கு இடமளிக்கப்பட்டுள்ளது. பத்துப் பேருக்குக் குறைவான கூடங்களும், முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளரும் உடன்பட்டால், விருப்ப அடிப்படையில் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்பது இதன் குறிப்பிடத்தக்க கூறு. எண்ணிக்கை என்ற சுவரில் இது ஒரு கதவு. ஆனால் அதைத் திறக்க முதலாளியின் இசைவு தேவை.

4. எழுபத்தெட்டு நாள்

ஈ.எஸ்.ஐ.யில் சேர்வதற்குரிய கூலி வரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் ரூ.21,000. பங்களிப்பு விகிதம் 2019 ஜூலை முதல் பணியாளருக்கு 0.75 விழுக்காடு, முதலாளிக்கு 3.25 விழுக்காடு. மாதம் ரூ.13,000 பெறும் தையல்காரரிடம் ‘பிடிக்கப்படும்’ தொகை ரூ.98, முதலாளி செலுத்துவது ரூ.423. இச்சிறு தொகைக்கு ஈடாகக் கிடைப்பவை பல. தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் வேலையில் சேர்ந்த நாள் முதல் மருத்துவம் உண்டு. நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. வேலையிட விபத்தால் ஏற்படும் தற்காலிக ஊனத்திற்கு 90 விழுக்காடும், மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக் கூலியும் உண்டு. நாட்கூலி ரூ.500 எனில் 26 வார மகப்பேற்று உதவி ரூ.91,000 ஆகும். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு அதற்குரிய தொடர்பு நிறுவப்பட்டால், வேலையிட விபத்தாகவே கொள்ளப்படும் (பிரிவு 51இ, 2010ஆம் ஆண்டுத் திருத்தம்). நாள்தோறும் வேனிலும் இருசக்கர வாகனத்திலும் செல்லும் ஊத்துக்குளித் தொழிலாளருக்கு இது முக்கியமான உரிமை. பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயும் தொழில்சார் நோயாகச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

ஆனால் நோய்க்காலக் கூலிக்கு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை பயன் பெறலாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பங்களிப்புக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பயன் உண்டு. 26 வாரத்திற்கு 78 நாள் என்பது வாரத்திற்கு மூன்று நாள். ஆலைத் தொழிலாளிக்கு இது எளிய நிபந்தனை. பனியன் தொழிலாளிக்கு எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

ஒரு பெண் ஏப்ரல் முதல் நாள் முதன்முறையாகப் பதிவுபெற்ற கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்கிறார். ஜூன் முடிய மாதம் 24 நாள் வீதம் 72 நாள் வேலை செய்கிறார். ஆர்டர் குறைகிறது, ஊருக்கு அருகிலுள்ள எட்டுப் பேர் கூடத்திற்கு மாறுகிறார். ஜூலை முதல் செப்டம்பர் முடிய அங்கே 75 நாள் தைக்கிறார். ஆறு மாதத்தில் அவர் உழைத்தது 147 நாள். கணக்கில் ஏறியது 72 நாள். தேவையான 78க்கு ஆறு நாள் குறைவு. அவரது பங்களிப்பு ரூ.270, முதலாளியின் பங்களிப்பு ரூ.1,170 ஆகியவை செலுத்தப்பட்டிருந்தும் ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலக் கூலி அவருக்கு இல்லை. சட்டத்தின் 56(3)ஆம் பிரிவின்படி, பங்களிப்புக்குரிய காலத்திலோ நோய்க்காலப் பயனுக்குத் தகுதியுள்ள காலத்திலோ இருப்பவருக்கே மருத்துவப் பயன் தொடரும். எனவே பதிவில்லாத கூடத்தில் அவர் தொடர்ந்தால் மருத்துவமும் நின்றுவிடுகிறது. அட்டையும் எண்ணும் அவர் கையில் அப்படியே உள்ளன.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய பிரிவு 68. செலுத்த வேண்டிய பங்களிப்பை முதன்மை வேலையளிப்பவர் செலுத்தத் தவறியதால் தொழிலாளர் பயன் இழக்க நேர்ந்தால், கழகம் அப்பயனைத் தொழிலாளருக்கு வழங்கிவிட்டு வேலையளிப்பவரிடம் வசூலிக்கலாம் என அது கூறுகிறது. அதாவது, பதிவேட்டில் பெயர் இல்லாமை உரிமை இல்லாமைக்குச் சமமன்று. எனினும் அவ்வேலையைச் செய்ததற்குச் சான்று வேண்டும். சனிக்கிழமை தோறும் கையில் கூலி பெறுபவரிடம் கூலிச் சீட்டோ வருகைப் பதிவோ இருப்பது அரிது. மேற்கண்ட எட்டுப் பேர் கூடம் ஒரு முதன்மை வேலையளிப்பவரின் மேற்பார்வையில் இயங்கியது என நிறுவ முடிந்தால் அந்த 75 நாளும் கணக்கில் ஏறக்கூடும். நிறுவ முடியாவிட்டால் இல்லை.

பதிவை ஊக்குவிப்பதற்காக 2025 ஜூலை 1 முதல் ஈ.எஸ்.ஐ. கழகம் ‘ஸ்ப்ரீ’ என்ற சிறப்புத் திட்டத்தை நடத்தியது. அதன்கீழ் பதிவு செய்யும் நிறுவனத்திடம் முந்தைய காலத்திற்கான பங்களிப்பு கேட்கப்படவில்லை. அக்காலத்திற்குப் பயனும் வழங்கப்படவில்லை. புதிய நிறுவனங்களை உள்ளே கொணர இது நல்ல வழி. தொழிலாளர் நோக்கில் பார்த்தால், பதிவுக்கு முன் உழைத்த நாள்கள் நிலையாகவே கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மருத்துவமனையின் தொலைவும் காப்பின் ஒரு கூறே. திருப்பூரில் 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரி 10 அன்று. அதுவரை உயர்சிகிச்சைக்கு இவ்வட்டாரத் தொழிலாளர் கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் இழந்து செல்வதைவிட அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம் கைப்பணம் கொடுப்பது மேல் எனத் தொழிலாளர் எண்ணியதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு கணக்கு.

5. முதலமைச்சரின் திட்டமும் வருமான வரம்பும்

ஈ.எஸ்.ஐ.யில் இடம் பெறாதவர்க்கு அடுத்த புகலிடம் மாநில அரசின் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் இது, 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இப்போது குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000 என்று இருந்தது. 2022 ஜனவரியில் ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பிற மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்திற்கு மேல் வசிப்போரும் உரிய அலுவலரின் சான்றுடன் சேரலாம்.

இவ்வரம்பை நம் எடுகோளுடன் ஒப்பிடுக. நாட்கூலி ரூ.500 பெறும் ஒருவர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் வருமானம் சரியாக ரூ.1,20,000. மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் ரூ.1,56,000. அதாவது, முறையாக வேலை கிடைக்கும் ஒரே ஒரு தையல்காரரின் குடும்பமே வரம்பைத் தாண்டிவிடுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்வது இங்கு இயல்பு. அப்போது தொகை இரட்டிப்பாகும். ஈ.எஸ்.ஐ. தனி ஒருவரின் மாதக் கூலி ரூ.21,000 வரை இடம் தருகிறது. மாநிலத் திட்டம் முழுக் குடும்பத்தின் மாத வருமானம் ரூ.10,000 வரை இடம் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள குடும்பம், வேலையிடம் பதிவு பெற்றிருந்தால் காக்கப்படுகிறது. பெறாவிட்டால் இரு திட்டத்திலும் இடமின்றி நிற்கிறது.

நடைமுறையில் ஒழுங்கற்ற கூலியைத் துல்லியமாக அளப்பது வருவாய்த் துறை அலுவலருக்கும் எளிதன்று. அதனால் வரம்புக்கு மேற்பட்ட குடும்பங்களும் அட்டை பெற்றிருக்கக்கூடும். அதைக் குறையாகச் சுட்டுவது இங்கு நோக்கமன்று. கூலி முறையாகப் பதிவானால் அட்டைக்குரிய தகுதியை இழக்க நேரும் என்ற அச்சம், பதிவையே தொழிலாளர் தவிர்க்கத் தூண்டக்கூடும் என்பதே கருதத்தக்கது. ஒரு திட்டத்தின் வரம்பு மற்றொரு திட்டத்தின் பதிவுக்குத் தடையாகலாம் என்ற இக்கருதுகோள் கள ஆய்வில் சோதிக்கத் தக்கது.

இரு திட்டங்களின் பயனும் ஒன்றல்ல. மாநிலத் திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில், மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. நோயுற்ற நாளின் கூலி இழப்புக்கு அதில் ஈடு இல்லை. இதய அறுவை சிகிச்சை இலவசமாக முடிந்தபின் மூன்று மாதம் வேலைக்குச் செல்ல முடியாத குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்குவது இந்த இடத்தில்தான்.

6. இறப்புக்குப் பின்: ஆயுள் காப்பு

ஈ.எஸ்.ஐ.யில் இறந்தவரின் குடும்பத்திற்கு உதவித்தொகை உண்டு என்பது பொதுவான எண்ணம். இறப்பு வேலையிட விபத்தாலோ தொழில்சார் நோயாலோ நிகழ்ந்திருந்தால் மட்டுமே சார்ந்தோருக்குக் கூலியில் 90 விழுக்காடு மாதந்தோறும் பகிர்ந்து வழங்கப்படும். இயற்கையான இறப்புக்கு ரூ.15,000 வரை ஈமச்சடங்குச் செலவு மட்டுமே. இறப்பின் காரணம் எதுவாயினும் தொகை தருவது வருங்கால வைப்பு நிதியுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டம், 1976. இதற்குத் தொழிலாளரிடம் எதுவும் பிடிப்பதில்லை, முதலாளியே 0.5 விழுக்காடு செலுத்துகிறார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்திற்கு அதிக அளவாக ரூ.7 லட்சம் வரையும், இறப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து பணியில் இருந்தவர்க்குக் குறைந்தது ரூ.2.5 லட்சமும் கிடைக்கும். இத்திட்டம் கட்டாயமாவது இருபது பேர் என்ற எண்ணிக்கையில். பதினெட்டுப் பேர் வேலை செய்யும் கூடத்தில் மாரடைப்பால் இறந்தவரின் மனைவிக்கு ரூ.15,000, இருபத்திரண்டு பேர் கூடத்தில் ஓராண்டு பணி முடித்து இறந்தவரின் மனைவிக்குக் குறைந்தது ரூ.2.5 லட்சம். அட்டவணை 1இன் மூன்றாம் பத்தி உணர்த்துவது இதையே.

இவ்விடைவெளியை நிரப்ப எளிய வழி, 2015 மே 9 அன்று தொடங்கப்பட்ட இரு வங்கி வழித் திட்டங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா யோஜனா எக்காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம் தருகிறது. சேர்வதற்குரிய வயது 18 முதல் 50 வரை. சுரக்ஷா பீமா யோஜனா விபத்து இறப்புக்கு ரூ.2 லட்சம் தருகிறது. வயது 18 முதல் 70 வரை. 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் முறையே ரூ.436, ரூ.20, இரண்டும் சேர்ந்து ரூ.456, அதாவது ஒரு நாள் கூலிக்கும் குறைவு. காப்பு ஆண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது; புதுப்பிப்புத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது.

‘தானாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். கம்பெனி மாறும்போது சம்பளக் கணக்கும் மாறுகிறது. பழைய கணக்கில் மே மாத இறுதியில் ரூ.436 இல்லையெனில் காப்பு ஓசையின்றி நின்றுவிடும். குடும்பத்திற்கு அது தெரியவருவது பெரும்பாலும் இறப்புக்குப் பின்னரே. மீண்டும் சேர்ந்தால் முதல் 30 நாளுக்குள் நிகழும் இறப்புக்கு, விபத்து நீங்கலாக, தொகை இல்லை. எனவே எந்த வங்கிக் கணக்கில் இத்திட்டம் உள்ளது, நியமனதாரர் யார் என்பவை குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

1956 செப்டம்பர் 1 அன்று உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சேமிப்பு வகைப் பத்திரங்கள் இவ்வட்டாரத்தில் பெற்றுள்ள செல்வாக்கை ‘போடுதல்’ என்ற வினையே காட்டுகிறது. திருமணம், கல்வி ஆகிய நோக்கங்களுக்கு அவை உதவுகின்றன. ஆயினும் சிறு தவணையில் கிடைக்கும் இறப்புக் காப்புத் தொகையும் சிறிதே. ஆர்டர் இல்லாத மாதங்களில் தவணை தவறினால் அதுவும் காலாவதியாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தின் மீதான 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும் இங்கு முதன்மைத் தடையாக இருப்பது வரியைவிடக் கூலியின் ஒழுங்கின்மையே எனலாம்.

7. வேலையிடமா, வசிப்பிடமா? ஓர் ஒப்பீடு

மேற்கண்ட இடைவெளிகளுக்குப் பொதுவான காரணம், காப்பு வேலையிடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பது. இதற்கு மாறான அமைப்புக்குக் கனடா எடுத்துக்காட்டு. அங்குச் சஸ்காட்செவன் மாகாணம் 1947இல் அனைவருக்குமான மருத்துவமனைக் காப்பீட்டையும், மருத்துவர்களின் வேலைநிறுத்தத்திற்கு இடையே 1962 ஜூலையில் மருத்துவர் கட்டணக் காப்பீட்டையும் தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் பரவிய இம்முறையை 1984ஆம் ஆண்டின் கனடா நலவாழ்வுச் சட்டம் ஐந்து கொள்கைகளில் நிறுவியது. அவற்றுள் ஒன்று இடமாற்றத் தொடர்ச்சி. ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்பவருக்குப் புதிய மாகாணத்தில் காப்பு தொடங்க அதிக அளவு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பழைய மாகாணமே செலவை ஏற்கும். ஆயிரம் கிலோமீட்டர் கடந்து செல்பவரின் காப்பு அறுபடுவதில்லை. ஊத்துக்குளியில் இரண்டு தெரு தள்ளி வேறு கூடத்திற்குச் செல்பவரின் காப்பு அறுபடுகிறது.

கனடிய முறையிலும் குறையுண்டு. மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்து, பல், கண் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பெரும்பாலோர் வேலையிடக் குழுக் காப்பீட்டையோ தனியார் காப்பீட்டையோ நம்பியுள்ளனர். ஆயுள் காப்பும் அவ்வாறே. ஆகவே நிலையற்ற வேலையில் இருப்போருக்கு அங்கும் இடைவெளி தோன்றுகிறது. ஆனால் அது மருத்துவமனை வாசலில் தோன்றுவதில்லை. நம் சூழலுக்கு அம்முறையை அப்படியே பெயர்த்துவர இயலாது. இடமாற்றத் தொடர்ச்சி என்ற கொள்கையை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

8. எதை எண்ணுவது?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழகத்தில் 66.5 விழுக்காடு குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு உள்ளதாகக் கூறுகிறது. இந்திய அளவில் இது 41 விழுக்காடு. இவ்வேறுபாடு தமிழக அரசுத் திட்டங்களின் பயனைக் காட்டுவதில் ஐயமில்லை. ஆனால் இவ்வளவீட்டின் வரையறையை உற்றுநோக்க வேண்டும். குடும்பத்தில் வழக்கமாக வசிக்கும் எவரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு திட்டத்தில் இருந்தால் அக்குடும்பம் காப்பீடு பெற்றதாக எண்ணப்படுகிறது. எத்தனை பேருக்கு, எந்த இடருக்கு, ஆண்டில் எத்தனை மாதம் என்பவை அதில் இல்லை.

எனவே இவ்வட்டாரக் கள ஆய்வுகளுக்குக் ‘காப்பு மாதம்’ என்ற அளவைப் பரிந்துரைக்கலாம். குடும்பத்தின் ஒவ்வொருவருக்கும் கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் மூன்று வினாக்கள்: அம்மாதம் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் செலவை ஏற்கத் திட்டம் இருந்ததா? வேலைக்குச் செல்ல முடியாதிருந்தால் கூலிக்கு ஈடு கிடைத்திருக்குமா? இறந்திருந்தால் குடும்பத்திற்குத் தொகை கிடைத்திருக்குமா? நான்காம் பகுதியில் கண்ட பெண் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டு முழுவதும் பதிவில்லாத கூடத்திலேயே தொடர்ந்திருந்தால், முதல் வினாவுக்கு அவரது ஈ.எஸ்.ஐ. காப்பு மாதங்கள் 12க்கும் குறைவு. இரண்டாம் வினாவுக்குப் பொது நோயைப் பொறுத்தவரை 12க்கு 0. ‘அட்டை உண்டா?’ என்று கேட்கும் ஆய்விலோ அவர் ‘காப்பீடு உள்ளவர்’ என்றே பதிவாவார். இருபதுக்கு மேற்பட்டோர் உள்ள கம்பெனியில் நிலையாகப் பணிபுரியும் அவரது அண்டைவீட்டுக்காரரும் அதே பத்தியில், அதே குறியுடன் இடம்பெறுவார்.

9. முடிவுரை

ஊத்துக்குளி வட்டாரப் பனியன் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. திட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களிலேயே இடைவெளி உள்ளது. பத்து, இருபது என்ற எண்ணிக்கைகளும், 78 நாள் என்ற நிபந்தனையும், ரூ.1,20,000 என்ற வரம்பும், மே 31 என்ற நாளும் தனித்தனியே நியாயமானவையாகத் தோன்றினாலும், கூடம் விட்டுக் கூடம் மாறும் ஒருவரின் வாழ்வில் அவை அடுத்தடுத்துத் தடைகளாகின்றன.

இதிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஜாப் ஒர்க் கொடுக்கும் நிறுவனங்கள் தம் வேலையைச் செய்யும் கூடங்களின் பதிவையும் உறுதிசெய்வது முதன்மை வேலையளிப்பவர் என்ற கோட்பாட்டின் இயல்பான நீட்சி. பதிவுபெற்ற இரு காலங்களுக்கு இடையே குறிப்பிட்ட மாதங்கள் வரை மருத்துவப் பயன் தொடர வகை செய்தால், கூடம் மாறுவோர் பெரிதும் பயனடைவர். மாநிலத் திட்டத்தின் வருமான வரம்பை ஈ.எஸ்.ஐ. கூலி வரம்போடு தொடர்புபடுத்தி மீளாய்வு செய்தல் நடுவில் நிற்கும் குடும்பங்களுக்கு இடமளிக்கும். தொழிலாளர் அளவில், கம்பெனி மாறும்போது பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையே கொடுத்தல், கூலிச் சீட்டைப் பாதுகாத்தல், மே மாதத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் செலவின்றிச் செய்யத்தக்கவை.

ஆய்வாளர்க்குரிய பணி வினாவைத் திருத்தி அமைப்பது. ‘அட்டை உண்டா?’ என்று கேட்கும் வரை கிடைக்கும் விடை நம்மை நிறைவடையச் செய்யும். ‘இந்த மாதம் செல்லுமா?’ என்று கேட்கும்போதே, மருத்துவமனையின் பதிவு மேசை முன் அத்தொழிலாளருக்குக் கிடைக்கப்போகும் விடையை நாமும் முன்கூட்டி அறிய முடியும்.